ரூட்டருக்கு வரும் போன் கால்: எந்த போர்ட்டில் எடுப்பது?

பாரிமுனையில் தலைமை அலுவலகம், மாதவரத்தில் ஒரு குடோன், ஒரகடத்தில் ஒரு டிப்போ என்று பரந்து கிடக்கும் நிறுவனங்களில் இந்தக் கேள்வி இன்னும் வருகிறது. கிளையின் இன்டர்நெட் லைன் போய்விட்டால், அங்குள்ள ரூட்டருக்குள் எப்படி நுழைவது? வண்டியை எடுத்துக்கொண்டு ஒரகடம் வரைக்கும் போகலாம். மழைநாளில் அது அரைநாள் வேலை. போகாமலே முடிக்க வேண்டுமென்றால், முதன்மை இணைப்போடு ஒட்டும் உறவும் இல்லாத இன்னொரு வாசல் ரூட்டருக்கு வேண்டும். அப்படிப்பட்ட வாசல்களில் மிகப் பழையது டெலிபோன் லைன்.

டயல்-அப் (தரவைப் போன் லைனில் போகும் ஒலியாக மாற்றும் மோடத்தால் கூப்பிட்டு இணைவது) என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கூப்பிடும் பக்கம்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் மெட்ராஸ் உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியபோது, கூப்பிட்ட மோடம் நம் மேஜையில் இருந்தது. எதிர்முனையில் அந்தக் காலை எடுத்த பெட்டியை யாரும் பார்க்கவில்லை. இங்கே பேசப்போவது அந்த எடுக்கும் பக்கத்தைப் பற்றி. வரும் காலை ரூட்டரின் எந்த இன்டர்ஃபேஸில் (இணைப்பு முனையில்) இறக்குவது, எப்படி கான்ஃபிக் செய்வது (அமைப்பது), எது யாருக்குப் பொருந்தும்? சிஸ்கோ பெட்டிகளை வைத்தே சொல்கிறேன். பழைய கிளைகளில் என் கையில் அதிகம் சிக்குவது 2600, 2800 வரிசைதான். வேறு கம்பெனிப் பெட்டியில் கட்டளையின் பெயர் மாறும், யோசனை மாறாது.

இதைத் தேர்வு செய்ய உட்கார்ந்தால், பேச்சு வேகத்திலும் விலையிலும்தான் ஆரம்பிக்கும். நான் முதலில் கேட்பது வேறு: கூப்பிடுவது யார் என்று ரூட்டருக்கு எந்தக் கட்டத்தில் தெரியவருகிறது? போனை எடுப்பதற்கு முன்பா, எடுத்து மோடம்கள் இரண்டும் இரைந்து ஒத்துப்போன பிறகா, இல்லை தெரியாமலேயே போய்விடுகிறதா? கேட்டில் நிற்பவரை எட்டிப் பார்த்துவிட்டுத் திறக்கும் வாட்ச்மேனுக்கும், உள்ளே உட்காரவைத்துவிட்டு “நீங்க யாரு?” என்று கேட்பவருக்கும் உள்ள வித்தியாசம் இது. கூடவே இன்னொரு கேள்வி: கால் பாதியில் அறுந்தால், ரூட்டர் அதைக் கவனிக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், வேகமும் விலையும் தானாக அடங்கிவிடும்.

கன்சோல்: ஆசை காட்டும், ஆனால் வேண்டாம்

ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டளை கொடுக்கும் கன்சோல் போர்ட்டில் மோடத்தைச் செருகிவிடலாமே என்று எல்லோருக்கும் ஒருமுறையாவது தோன்றும். காரணமும் நியாயமானதுதான். ரீபூட் ஆகும்போது ஓடும் செய்திகள், சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ் ஏறாமல், அதற்கு முந்தைய தொடக்க நிலையான ராம்மானில் நின்றுவிட்டால் அங்கே கொடுக்க வேண்டிய கட்டளைகள், பாஸ்வேர்ட் மீட்பு என்று எல்லாம் கன்சோலில்தான் முழுசாகக் கிடைக்கும். துணை முனையான ஆக்ஸ் (aux) போர்ட் பொதுவாக ஐஓஎஸ் ஏறிய பிறகுதான் வேலை செய்யும்.

ஆனால் கன்சோலுக்கு மோடத்தின் கட்டுப்பாட்டு சிக்னல்கள் தெரியாது. லைனில் கேரியர் (எதிர்முனை மோடத்தின் ஒலி) இருக்கிறதா, போய்விட்டதா என்று அது பார்ப்பதே இல்லை. நீங்கள் கூப்பிட்டு, பாஸ்வேர்ட் கொடுத்து, முழு அதிகாரம் தரும் எனேபிள் மோடுக்குள் போய் வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். லைன் இரைச்சலில் கால் அறுந்துவிடுகிறது. மோடம் போனை வைத்துவிட்டது, ரூட்டருக்கு அது தெரியாது. அதைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் திரைக்கு முன்னால்தான் இருக்கிறீர்கள். அடுத்த நிமிடம் அதே எண்ணுக்கு வேறு யாராவது மோடத்தில் கூப்பிட்டால், பெயரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. நீங்கள் விட்டுப்போன எனேபிள் மோடின் # குறியிலேயே நேராகப் போய் நிற்பார்கள். எதுவும் தட்டாமல் இருந்தால் செஷனை மூடும் எக்ஸெக் டைம்-அவுட் இயல்பாக 10 நிமிடம். அதைக் குறைக்கலாம், ஆனால் அந்த இடைவெளியை முழுசாக அடைக்க முடியாது. வேலை நடுவில் லாக்-அவுட் ஆகிறதே என்ற எரிச்சலில் யாராவது அதை 0 ஆக்கி வைத்திருந்தால் (இது சகஜம், போகிற இடமெல்லாம் பார்க்கலாம்) அந்தக் கதவு யாராவது வந்து மூடும்வரை திறந்தே கிடக்கும்.

எழுத்துகள் நிரம்பி வழியாமல் நிறுத்தி அனுப்பும் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலும் கன்சோலில் இல்லை. கான்ஃபிக்கைக் காட்டும் நீளமான ‘ஷோ ரன்’ எடுத்தால் நடுவில் எழுத்துகள் தொலையும். கன்சோல் வசதி கட்டாயம் வேண்டும் என்றால், நடுவில் ஒரு கன்சோல் சர்வர் பெட்டி வைத்து, மோடத்தை அதில் மாட்டுங்கள். கேரியர் போனதும் செஷனை மூடுவது அந்தப் பெட்டியின் பொறுப்பாகிவிடும்.

ஒரே ஆளுக்கு: ஆக்ஸ் போர்ட்டும் வெளி மோடமும்

கிளை ரூட்டருக்குள் அவசரத்துக்கு ஓர் ஆள் நுழைய வேண்டும், அவ்வளவுதான் என்றால், என் ஓட்டு ஆக்ஸ் போர்ட்டுக்கு. பழைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் அது ஏற்கெனவே இருக்கிறது, கார்டு வாங்க வேண்டாம். வெளி மோடம் ரிச்சி தெருவில் தேடினால் பழைய சரக்காகக் கிடைத்துவிடும். வாங்கும்போது பவர் அடாப்டரைப் பாருங்கள். மோடத்துக்கு முன்னால் சாவது அதுதான்.

கேபிளில்தான் முதல் சறுக்கல். ரூட்டரோடு வந்த தட்டையான ரோல்-ஓவர் கேபிளே போதும், ஆனால் மோடம் பக்கம் போடும் 25 பின் அடாப்டரில் ‘மோடம்’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். பார்ப்பதற்கு அச்சாக அதே மாதிரி இருக்கும் ‘டெர்மினல்’ அடாப்டரை மாட்டினால், மோடத்தில் விளக்கெல்லாம் எரியும், போனையும் எடுக்கும், ரூட்டர் மட்டும் வாயே திறக்காது. மோடத்தின் கேரியர் சிக்னலை ரூட்டரின் டிஎஸ்ஆர் (எதிர்க்கருவி தயார் என்று காட்டும்) முனையில் கொண்டுவந்து சேர்ப்பது அந்த மோடம் அடாப்டர்தான். அது வந்தால்தான் “கால் வந்திருக்கிறது” என்று ரூட்டருக்குத் தெரியும், அது போனால்தான் “ஆள் போய்விட்டார்” என்று தெரியும். கன்சோலில் இல்லாதது இதுதான்.

கான்ஃபிக்கில் ‘லைன் ஆக்ஸ் 0’ பகுதிக்குப் போங்கள். ‘மோடம் இன்அவுட்’ கொடுத்தால் மேலே சொன்ன சிக்னலை ரூட்டர் மதிக்க ஆரம்பிக்கும். ‘ஃப்ளோகன்ட்ரோல் ஹார்ட்வேர்’ வேண்டும். ஒவ்வொரு எழுத்தின் முடிவையும் குறிக்கும் ‘ஸ்டாப்பிட்ஸ்’ இயல்பாக 2 என்று இருக்கும், அதை 1 ஆக்குங்கள். வேகம் 2600 வரிசையில் வினாடிக்கு 115200 பிட் வரை போகலாம். இன்னும் பழைய 2500-ன் ஆக்ஸ் 38400-ஐத் தாண்டாது. ‘டிரான்ஸ்போர்ட் இன்புட் ஆல்’ கொடுத்தால், ரூட்டருக்குள் இருந்தே ரிவர்ஸ் டெல்நெட் (ரூட்டர் வழியாக அதன் லைனுக்கே போகும் டெல்நெட்) போட்டு மோடத்தோடு நேரடியாகப் பேசலாம். அதற்கான டெல்நெட் போர்ட் எண் 2000-த்தோடு லைன் எண்ணைக் கூட்டினால் வருவது. 2600-ல் ஆக்ஸ் 65-வது லைன், ஆகவே 2065. மற்ற பெட்டிகளில் ‘ஷோ லைன்’ பார்த்துக்கொள்ளுங்கள். மோடம் வேலை முடிந்ததும் அந்த வழியை மறையாக்கம் செய்த எஸ்எஸ்ஹெச்சுக்கு மட்டும் சுருக்குங்கள் அல்லது யாரை விடலாம் என்று சொல்லும் ஆக்சஸ் லிஸ்ட் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் செலவில் எஸ்டிடி கூப்பிடலாம்.

மோடத்துக்குள் எழுத வேண்டியது ஒரே வரி. எஸ்0=1 என்றால் முதல் ரிங்கிலேயே எடு. &சி1 என்றால் கேரியர் நிஜமாக இருக்கும்போது மட்டும் அந்த சிக்னலைக் காட்டு. &டி2 என்றால் ரூட்டர் ‘நான் தயார்’ என்ற டிடிஆர் சிக்னலை இறக்கியதும் போனை வை. இ0, க்யூ1 என்றால் எதிரொலிக்காதே, பதில் சொல்லாதே. கடைசியில் &டபிள்யூ, எழுதி வைத்துக்கொள்.

இ0, க்யூ1 இரண்டையும் சிலர் விட்டுவிடுவார்கள். அப்புறம் நடப்பது ஒரு கூத்து. யாரோ கூப்பிடுகிறார்கள், மோடம் ‘ரிங்’ என்று ரூட்டரிடம் சொல்கிறது. மோடம் கட்டுப்பாடும் சரியாக இல்லையென்றால், ரூட்டர் அதை யாரோ தட்டிய பெயர் என்று எடுத்துக்கொண்டு ‘பாஸ்வேர்ட்:’ என்று கேட்கிறது. மோடம் அந்த எழுத்துகளை அப்படியே எதிரொலிக்கிறது. ரூட்டர் அதையே பாஸ்வேர்டாக எடுத்துக்கொண்டு, தவறு என்று சொல்லி மறுபடி ‘யூசர்நேம்:’ கேட்கிறது. அதுவும் எதிரொலித்துத் திரும்பி வருகிறது. இரண்டு இயந்திரங்களும் விடிய விடிய இப்படிப் பேசிக்கொண்டிருக்கும். வெளியே இருப்பவரால் உள்ளே வர முடியாது. ரூட்டரின் பதிவேடான லாகில் நூற்றுக்கணக்கில் தோல்வியடைந்த லாகின் இருக்கும், யாரோ உடைக்கப் பார்க்கிறார்கள் என்று பீதி கிளம்பும்.

இந்த வழியில் யார் கூப்பிடுகிறார் என்பது போனை எடுத்த பிறகு, லாகின் கேட்கும்போதுதான் தெரியும். ஆகவே லாகின் வலுவாக இருக்க வேண்டும். கிளையில் ரேடியஸ் அல்லது டக்காக்ஸ் (எல்லோரின் லாகினையும் ஓரிடத்தில் சரிபார்க்கும்) சர்வரை வைத்து லாகின் பார்க்கும் வழக்கம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டயல் செய்து வருவதே மெயின் லைன் படுத்த நேரத்தில். அப்போது அந்த சர்வரும் எட்டாது. ரூட்டரிலேயே எழுதிவைத்த உள்ளூர் யூசர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், சர்வர் பதில் தராவிட்டால் அவரைப் பார் என்று ரூட்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அரும்பாடுபட்டு அமைத்த வாசலுக்கு முன்னாலேயே நிற்க வேண்டியதுதான்.

ஒரே ஆள் கட்டளை கொடுக்கத்தான் என்றால் பிபிபி (இரு முனைகளுக்கு இடையே ஐபி கடத்தும் முறை), ஐபி முகவரி எதுவும் வேண்டாம். வெறும் எழுத்துத் திரை போதும். 9600 வேகத்தில்கூட ஒரு ரூட்டைச் சரிசெய்துவிடலாம்.

பலர் கூப்பிட்டால்: அசின்க் கார்டும் குரூப்-அசின்க்கும்

விற்பனைப் பிரதிநிதிகள், தொலைவிலிருந்து அளவீடுகளை அனுப்பும் பழைய மீட்டர்கள், எடைமேடைக் கணினிகள் என்று பல முனைகள் ஒரே இடத்தைக் கூப்பிடும்போது கதை மாறுகிறது. இப்போது வருகிறவருக்கு ஐபி முகவரி வேண்டும், பிபிபி வேண்டும், பல லைன்கள் வேண்டும். மோடத்தையே உள்ளே வைத்த கார்டுகள் உண்டு. வெளி மோடங்களை எட்டெட்டாகக் கட்டும் அசின்க் (மோடம் லைன்) கார்டுகளும் உண்டு.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. ஐஓஎஸ்ஸில் ‘லைன்’ வேறு, ‘இன்டர்ஃபேஸ்’ வேறு, இரண்டும் இருப்பது ஒரே செம்பு முனையில். மோடம், வேகம், ஃப்ளோ கன்ட்ரோல், லாகின் எல்லாம் லைன் பகுதியில். பிபிபி, ஐபி முகவரி, சாப் (பிபிபி-யில் ஆளைச் சரிபார்க்கும் முறை) எல்லாம் ‘இன்டர்ஃபேஸ் அசின்க்’ பகுதியில். லைன் 33-க்கு அசின்க் 33 என்று எண் பொருந்தி வரும். பிபிபி ஏறவில்லை என்று இன்டர்ஃபேஸையே நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருப்பார்கள். கோளாறு லைன் பக்கத்தில் இருக்கும்.

பதினாறு லைனுக்குப் பதினாறு முறை எழுத வேண்டாம். ‘இன்டர்ஃபேஸ் குரூப்-அசின்க் 1’ என்று ஒன்றை உருவாக்கி, ‘குரூப்-ரேஞ்ச்’ கொடுத்தால் எல்லாவற்றுக்கும் அதுவே பொருந்தும். முகவரிக்கு ‘ஐபி அன்நம்பர்ட்’ (வேறொரு முனையின் முகவரியையே கடன் வாங்கு) போட்டு, ரூட்டருக்குள் இருக்கும் மெய்நிகர் முனையான லூப்பேக்கையோ ஈதர்நெட்டையோ காட்டிவிடுங்கள். வருகிறவருக்கு ‘பியர் டிஃபால்ட் ஐபி அட்ரஸ் பூல்’ வழியாக ஒன்று கிடைக்கும்.

முடிவெடுக்க வேண்டிய இடம் ‘அசின்க் மோட்’. ‘டெடிகேட்டட்’ என்றால் வருகிறவருக்கு பிபிபி மட்டுமே. எழுத்துத் திரை கிடையாது, ரூட்டருக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. ‘இன்டராக்டிவ்’ என்றால் இரண்டும் உண்டு. லைன் பக்கத்தில் ‘ஆட்டோசெலக்ட் பிபிபி’யும் கொடுத்தால், எதிர்முனை பிபிபி பேச ஆரம்பித்தவுடன் ரூட்டர் தானாக மாறிக்கொள்ளும். இன்டராக்டிவ் வசதியானது என்று பலரும் அதையே போட்டுவிடுகிறார்கள். வருவது முழுக்க இயந்திரங்கள்தான் என்றால் எனக்கு டெடிகேட்டட்தான் பிடிக்கும். எடைமேடைக் கணினிக்கு ரூட்டரின் கட்டளைத் திரையைக் காட்ட வேண்டிய அவசியம் என்ன?

யார் என்பது இங்கே பிபிபி-யின் சாப் கட்டத்தில் தெரிகிறது. இன்னொரு சரிபார்ப்பு முறையான பேப் வேண்டாம், அதில் பாஸ்வேர்ட் அப்படியே லைனில் போகும். சாப் பாஸ்வேர்டை அனுப்புவதில்லை. இருபக்கமும் அது தெரியும் என்பதை மட்டும் நிரூபித்துக்கொள்ளும். அதற்கு ரூட்டருக்கு அசல் பாஸ்வேர்ட் தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பு ஆர்வத்தில் ‘யூசர்நேம்’ வரியில் ‘சீக்ரெட்’ போட்டு திருப்பி எடுக்க முடியாத எம்டி5-ஆகச் சேமித்தால் சாப் தோற்றுப்போகும், ‘பாஸ்வேர்ட்’ என்றே போட வேண்டும். பாஸ்வேர்டிலும் பெயரிலும் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்து அடியுங்கள்.

வேகத்தில் ஏமாற வேண்டாம். பெட்டியில் 56 என்று போட்டிருந்தாலும், இரண்டு பக்கமும் சாதாரண போன் லைன் என்றால் மோடம் தரமான வி.34-ன் 33.6 கிலோபிட்தான் உச்சம். 56 கிடைக்க, எடுக்கும் பக்கம் எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாக இணைந்திருக்க வேண்டும்.

எடுப்பதற்கு முன்பே பெயர் பார்க்கும் வழி: ஐஎஸ்டிஎன்

ஐஎஸ்டிஎன் என்பது டிஜிட்டல் டெலிபோன் லைன். அதன் சிறிய வகையான பேசிக் ரேட்டில், பேச்சுக்கும் தரவுக்கும் 64 கிலோபிட் வீதம் இரண்டு பி சேனல், சிக்னலுக்கு 16 கிலோபிட்டில் ஒரு டி சேனல். கால் வரும்போது கூப்பிடுபவரின் எண் டி சேனலில் முதலிலேயே வந்துவிடும். ரூட்டர் அதைப் பார்த்துவிட்டு எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். எடுக்காத காலுக்குக் காசில்லை. தெரியாத எண்ணுக்கு மோடம் சத்தமே கிடைக்காது, ஆகவே ஊரெல்லாம் எண்களைச் சுழற்றி மோடம் தேடுகிறவர்கள் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இதைப் பயன்படுத்திக் காசு மிச்சம் பிடிக்கும் வித்தையும் உண்டு: அனுமதித்த எண்களைச் சொல்லும் ‘டயலர் காலர்’ வரியின் கடைசியில் ‘கால்பேக்’ சேர்த்தால், ரூட்டர் காலை எடுக்காமல் விட்டுவிட்டு, தானே திருப்பிக் கூப்பிடும். கிளைக்குச் செலவு பூஜ்யம், பில் தலைமை அலுவலகத்துக்கு.

எக்ஸ்சேஞ்ச் அந்த எண்ணை எந்த வடிவில் அனுப்புகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 044 முன்னால் வருகிறதா, வெறும் 44-ஆ, எட்டு இலக்கம் மட்டுமா? ‘டீபக் ஐஎஸ்டிஎன் க்யூ931’ போட்டு ஒருமுறை கூப்பிட்டால் தெரிந்துவிடும். ஊகித்து எழுதினால் எல்லாக் காலும் தள்ளப்படும். எக்ஸ்சேஞ்ச் எந்த வகை என்று சொல்லும் ஸ்விட்ச்-டைப் நம் ஊருக்கு ‘பேசிக்-நெட்3’.

இனி கான்ஃபிக்கில் இரண்டு முறைகள். பழைய முறையில் பல இன்டர்ஃபேஸ்களை ‘டயலர் ரோட்டரி-குரூப்’ என்று ஒரே டயலரின் (கால் விதிகளைத் தாங்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸின்) கீழ் கட்டிவிடுவோம். கான்ஃபிக் முழுவதும் அந்த டயலரில், வருகிறவர்களை ‘டயலர் மேப்’ வரிகளில் பெயரோடு அடையாளம் காட்டுவோம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் இது போதும், எளிது, கோளாறு பார்ப்பதும் சுலபம். ஆனால் ஒரு இன்டர்ஃபேஸ் ஒரே ரோட்டரியில்தான் இருக்க முடியும்.

ஐஓஎஸ் 11.2-ல் வந்த டயலர் புரொஃபைல் முறையில் முனையையும் விதிகளையும் பிரித்துவிட்டார்கள். பிசிக்கல் இன்டர்ஃபேஸ் போனை எடுக்க மட்டும். ‘டயலர் பூல்-மெம்பர்’ என்று ஒரு பூலில், வேண்டுமானால் பல பூலில், அது சும்மா காத்திருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் தனி ‘இன்டர்ஃபேஸ் டயலர்’. தனி முகவரி, தனி ஆக்சஸ் லிஸ்ட், தனி ஐடில் டைம்-அவுட். கால் வந்ததும் எந்த டயலரோடு அதைக் கட்டுவது என்று ரூட்டர் தேடும். ஒரே ஒரு புரொஃபைல்தான் இருக்கிறது என்றால் பிரச்சினையே இல்லை. பல இருந்தால் முதலில் கூப்பிடுபவரின் எண்ணை ‘டயலர் காலர்’ வரிகளோடு ஒப்பிடும், பிறகு கூப்பிடப்பட்ட எண்ணை. அதிலும் அமையவில்லையென்றால் பிபிபி வரைக்கும் போய், சாப்பில் வந்த பெயர் எந்த ‘டயலர் ரிமோட்-நேம்’ என்று பார்க்கும். எதிலும் பொருந்தாவிட்டால் காலை வைத்துவிடும்.

இந்த வரிசையைப் புரிந்துகொண்டால், புரொஃபைலில் எல்லோரையும் படுத்தும் கோளாறும் புரிந்துவிடும். பெயரை வைத்துக் கட்ட வேண்டுமென்றால், கட்டுவதற்கு முன்பே சாப் நடந்தாக வேண்டும். அந்த நேரத்தில் கால் இன்னும் எந்த டயலருக்கும் சொந்தமாகவில்லை, பிசிக்கல் இன்டர்ஃபேஸில்தான் இருக்கிறது. ஆகவே ‘என்காப்சுலேஷன் பிபிபி’, ‘பிபிபி ஆதென்டிகேஷன் சாப்’ இரண்டும் டயலரில் மட்டும் இருந்தால் போதாது, பிசிக்கலிலும் இருக்க வேண்டும். டயலரில்தானே எல்லாம் எழுதினோம் என்று பிசிக்கலை வெறுமையாக விட்டால், கால் வரும், நிற்கும், போகும். லாகில் ‘டயலர்-6-பைண்ட்’ என்ற வரி வருகிறதா என்று பாருங்கள். அது வராதவரை டயலருக்குள் என்ன மாற்றினாலும் பயனில்லை.

மூன்று நான்கு கிளைகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அனுமதி என்றால் புரொஃபைல். இருபது பேர், எல்லோருக்கும் ஒரே அனுமதி என்றால் ரோட்டரி. புரொஃபைல்தான் நவீனம், அதனால் எல்லா இடத்திலும் அதுவே என்று பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

ஐஎஸ்டிஎன்னின் பெரிய வகையான பிரைமரி ரேட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் அது இ1: 2.048 மெகாபிட், பேச 30 சேனல், சிக்னலுக்கு 16-வது டைம்ஸ்லாட். ஐஓஎஸ் 0-விலிருந்து எண்ணுவதால் கான்ஃபிக்கில் அது ‘:15’ என்று வரும், 16 எங்கே என்று தேட வேண்டாம். சாதாரண மோடத்தில் கூப்பிடுபவரையும் எடுக்க வேண்டுமென்றால் ரூட்டருக்குள் டிஜிட்டல் மோடம் கார்டு இருக்க வேண்டும், ‘ஐஎஸ்டிஎன் இன்கமிங்-வாய்ஸ் மோடம்’ கொடுக்க வேண்டும். அந்த 56 கிடைப்பது இங்கேதான். ஒரே எண், முப்பது பேர். அத்தனை பேர் நிஜமாகவே கூப்பிடுகிறார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

4ஜி சிம்: வரும் காலே கிடையாது

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு 4ஜி சிம் போட்டுவிடலாமே என்பதுதான் இன்றைய முதல் யோசனை. பல இடங்களில் சரியான யோசனையும்கூட. ஆனால் சாதாரண சிம்மில் வெளியிலிருந்து ரூட்டரைக் கூப்பிட முடியாது. பல இணைப்புகளை ஒரே பொது முகவரிக்குள் மறைக்கும், சேவை நிறுவனத்தின் பெரிய என்ஏடி (NAT) அமைப்புக்குப் பின்னால் அது இருக்கிறது, பொது ஐபி முகவரி அதற்கென்று இல்லை. நிலையான முகவரியோடு நிறுவனக் கணக்கு எடுக்க வேண்டும், அல்லது ரூட்டரே வெளியே ஒரு விபிஎன் (இன்டர்நெட் வழியான தனிப் பாதை) போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதாவது எடுக்கும் பக்கமாக இருந்தது கூப்பிடும் பக்கமாகிவிடுகிறது. ஒரு விதத்தில் நல்லது: திறந்த வாசலே இல்லை, யார் என்ற கேள்வி ரூட்டருக்கே எழாது. கெட்டது: அந்த விபிஎன் கான்ஃபிக்கே கெட்டுப்போய் நிற்கும்போது உள்ளே போக முடியாது.

சென்னைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் நின்றபோதும் கரண்டோடு சேர்ந்து செல்போன் சிக்னலும் போனது. செல் டவரின் பேட்டரிக்கு ஓர் எல்லை இருக்கிறது. செம்பு லைனுக்கு 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது, கிளையில் கரண்ட் இல்லாவிட்டாலும் லைனில் உயிர் இருக்கும். மோடத்தையும் ரூட்டரையும் யுபிஎஸ்ஸில் போடுவது உங்கள் வேலை. கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் செம்பும் இரையும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 33.6-க்கு அடம்பிடிக்காமல் மோடத்தை 9600-ல் பூட்டி வைத்தால், இரைச்சலிலும் கால் நிற்கும்.

எந்தப் போர்ட், எந்த கான்ஃபிக் என்று யோசிப்பதற்கு முன்னால் கிளைக்குப் போன் செய்து ஒன்றைக் கேளுங்கள்: டெலிபோன் ஒயர் சுவரிலிருந்து வருகிறதா, ஃபைபர் பெட்டியிலிருந்தா? பெட்டியிலிருந்து என்றால் அது செம்பு லைன் அல்ல, குரலைப் பாக்கெட்டாக்கி அனுப்பும் ஐபி இணைப்பு. மனிதக் குரல் தெளிவாகக் கேட்கும், மோடத்தின் இரைச்சல் சிதையும். குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக் என்றால் மோடம் இணையவே இணையாது. மெயின் லைனும் அதே ஃபைபரில் வருகிறது என்றால், இரண்டும் சேர்ந்துதான் படுக்கும். தனி வாசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிஎஸ்என்எல் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், செம்பு இல்லாத கிளைக்கு 4ஜியும் விபிஎன்னும்தான் வழி. வேறு கம்பெனியின் சிம்மைப் போடுங்கள், மெயின் லைன் கம்பெனியின் சிம் வேண்டாம்.

அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்சான இபிஏபிஎக்ஸ் எக்ஸ்டென்ஷனில் மோடத்தை மாட்ட வேண்டாம். டிஜிட்டல் எக்ஸ்டென்ஷன் என்றால் மோடம் எரிந்துபோகலாம். அனலாக் என்றாலும் முதலில் எடுப்பது “வணக்கம், எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும்” என்ற பதிவுக் குரல். நேரடி லைன் ஒன்று தனியாக வேண்டும், அதன் எண் விசிட்டிங் கார்டில் வரக் கூடாது.

சரி, கிளையில் செம்பு லைன் இருக்கிறது, ஒரே ஆள்தான் நுழையப்போகிறார் என்றால் ஆக்ஸ் போர்ட்டை அமையுங்கள். அமைத்து முடித்து ஒரகடத்திலிருந்து கிளம்புவதற்கு முன்னால் ஒரு சோதனை. வெளியே இருக்கும் ஒருவரைக் கூப்பிடச் சொல்லி, எனேபிள் மோடு வரை போகச் சொல்லுங்கள். அவர் உள்ளே இருக்கும்போதே சுவரிலிருந்து டெலிபோன் ஒயரைப் பிடுங்குங்கள். ‘ஷோ யூசர்ஸ்’ பட்டியலில் அவர் பெயர் மறைகிறதா என்று பாருங்கள். ஒயரைத் திரும்பச் செருகி, மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள். ‘யூசர்நேம்:’ என்று கேட்டால் கிளம்பலாம். நேராக # வந்தால் அந்த அடாப்டரையும் &சி1-ஐயும் ‘மோடம் இன்அவுட்’ வரியையும் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.